எல்லோருக்கும் ஒரே பிறை தெரிந்த நாள்

என் கணவர் இறந்த நாள் நோன்பா, பெருநாளா என்பது திண்டிவனத்தில் இன்றுவரை முடிவாகவில்லை.

மய்யித்தை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஊதுபத்தி. ஆனி மாத வெயில் காலையிலேயே முற்றத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வாசலில் இரண்டு கூட்டம் நின்றது. ஒரு கூட்டம் புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, சேமியா குடித்துவிட்டு வந்தது. அவர்களுக்கு அன்று நோன்புப் பெருநாள். இன்னொரு கூட்டம் பழைய கைலியோடு, உதடு காய்ந்து வந்தது. அவர்களுக்கு அன்று முப்பதாம் நோன்பு.

அத்தர் கூட்டத்துக்குத் தலைவன் என் கொழுந்தன் சலீம். சவூதியில் நாலு வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். காய்ந்த உதட்டுக் கூட்டத்துக்குத் தலைவர் பள்ளிவாசல் முத்தவல்லி. பள்ளியின் சாவியும் நிர்வாகமும் அவர் கையில். ஊரின் மறுமை வாழ்வும் தன் கையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர்.

முத்தவல்லிதான் முதலில் நான் இருந்த அறைத் திரைக்கு அருகில் வந்தார்.

"ஏம்மா மைமூனு, உன் வூட்டுக்காரரு காலையில நோன்பு வெச்சிருந்தாரா? நோன்பாளியா மவுத்தா போனா அதுக்கு நன்மையே வேற."

சலீம் குறுக்கே பாய்ந்தான். "பெருநாளு அன்னிக்கு நோன்பு வெக்கிறது ஹராம் பாய். செத்த மனுசன பாவியாக்காதீங்க."

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான். பதில் சொல்ல வேண்டியவள்.

"பல்லு தேய்ச்சிக்கினு இருந்தாரு" என்றேன்.

உண்மை அதுதான். குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. என் பதில் எந்தக் கட்சிக்கும் பயன்படவில்லை. இரண்டு பேருக்கும் என் மேல் ஏமாற்றம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த என் கணவர் கரீம் எந்தக் கட்சியிலும் இல்லாதவர். "எந்த வூட்டுல மொதல்ல பிரியாணி வேவுதோ அங்கதான் எனக்குப் பெருநாளு" என்பார். அப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டமும் ஒரு மணி நேரம் சண்டை போட்டது. கடைசியில் ஜனாஸாத் தொழுகையில் முன்வரிசை புதுச் சட்டையாகவும் பின்வரிசை பழைய கைலியாகவும் நின்றதாகச் சொன்னார்கள். பெண் என்பதால் நான் அதைப் பார்க்கவில்லை. இழப்பு ஒன்றுமில்லை.

பிறை வந்த வழி

வேற்று மதத்து வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் மாதங்கள் பிறை பார்த்துத் தொடங்கும். இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் முதல் தேதி. தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் பொறுத்து முதல் தேதி. இவ்வளவுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஏரிக்கரையில் நின்று பார்ப்பார்கள். மேகம் மறைத்தால் கோட்டக்குப்பத்திலிருந்து சேதி வரும் என்று காத்திருப்பார்கள். கடலோரத்துக்காரர்கள் கண்ணுக்குப் பிறை தப்பாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. கடல் இருப்பது கிழக்கே, பிறை தெரிவது மேற்கே என்று நான் ஒரு முறை என் நாத்தனாரிடம் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு பிறைச் சேதி தந்தியில் வந்தது. பிறகு ரேடியோ. ரேடியோவில் கேட்ட பிறை செல்லுமா என்று ஐந்தாறு வருஷம் சண்டை. ரேடியோ பெட்டி சாட்சி சொல்லத் தகுதியுள்ள முஸ்லிமா என்று ஒருவர் கேட்டாராம். அந்தச் சண்டை தானாக ஓய்ந்தது. கேட்டவர் வீட்டிலும் ரேடியோ வாங்கிவிட்டார்கள்.

எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். இரட்டை ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டர், கம்பளி, அத்தர், டார்ச் லைட், அதோடு ஒரு பிறையும் கொண்டுவந்தார்கள். மக்காவில் பெருநாள் என்றால் உலகத்துக்கே பெருநாள் என்றார்கள். சலீமும் பத்துப் பன்னிரண்டு வாலிபர்களும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தனியாகப் பெருநாள் தொழுதார்கள். கீழே பள்ளியில் நோன்பு நடந்துகொண்டிருந்தது. ஊர்ப் பிறை பொய்ப் பிறை என்று சலீம் மாடியிலிருந்தே கத்திச் சொன்னான். நான் மேலே சொன்ன பெருநாள் அதுதான். தொழுதுவிட்டு அவன் கீழே இறங்கியபோது அண்ணன் குழாயடியில் கிடந்தார்.

சலீம் கொண்டுவந்த சாமான்

அவனைப் பற்றி நியாயமாக எழுத முயல்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

அவன் சொன்னதில் பாதி சரி. தர்காவில் போய்ப் பிள்ளை வரம் கேட்பது எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கந்தூரி விழாக் கொடியேற்றத்துக்கு மேளம் எதற்கு என்றான். மொகரத்துக்குப் பஞ்சா என்ற உலோகக் கையைத் தூக்கி நெருப்பு மிதிக்கிறார்களே, மேல்மலையனூரில் அங்காளம்மனுக்குச் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றான். நல்ல கேள்வி. நபி புகழ் பாடும் மௌலூது ஓதினால் வீட்டில் வரக்கத்து பெருகும் என்று, ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாமல் ஓதிவிட்டு நெய்ச்சோறு தின்றுவிட்டுப் போகும் முத்தவல்லி கூட்டத்திடம் யாராவது ஒருவர் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் அவன் கேட்டதெல்லாம் விரல், தொப்பி, தாடி, கைலியின் உயரம். தொழுகையில் ஆட்காட்டி விரலை நீட்டினால் போதுமா, ஆட்ட வேண்டுமா என்பதற்குப் பள்ளிக்குள் கைகலப்பு நடந்தது. ஒருவருக்குப் பல் போயிற்று. அந்த விரலை வைத்துக் கிணற்றடியில் ஒரு குடம் தூக்கித் தந்திருப்பார்களா இவர்கள் யாராவது?

கல்யாணத்தில் கட்டும் கருகமணியை அறுத்தெறியச் சொன்னான். தாலியைப் பார்த்து வந்த பழக்கமாம். இருக்கலாம். எங்கள் கருகமணியும் தாலியும், எங்கள் சந்தனக்கூடும் தேரும் ஒரே தெருவில் வளர்ந்தவைதான். நானூறு ஐந்நூறு வருஷமாக ஒரே ஏரித் தண்ணீரைக் குடித்தால் அப்படித்தான் ஆகும். அதில் எனக்கு வெட்கமில்லை. என் கருகமணியை ஊர்க்காரர்கள் அறுக்கவில்லை, சலீமும் அறுக்கவில்லை. கணவர் இறந்த அன்று இரண்டு கட்சிப் பெண்களும் சேர்ந்து அறுத்தார்கள். அதற்கு மட்டும் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

அறைக்குள்

கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். மறுமணம் கூடாது, அலங்காரம் கூடாது, அவன் வீட்டில் தங்கி இருக்க வேண்டும். இது வேதத்திலும் நபிவழியிலும் உள்ளது. அல்லாஹ் சொன்னதில் எனக்குச் சண்டையில்லை.

அல்லாஹ் சொல்லாததைக் கேளுங்கள். அறைக்கு ஜன்னலே இருக்கக்கூடாது, இருந்தால் கோணி கட்ட வேண்டும். வானத்தைப் பார்க்கக்கூடாது. கண்ணாடியைத் துணியால் மூட வேண்டும். ஆண் குரல் காதில் விழக்கூடாது. சுவரில் பல்லி வந்தால் என் நாத்தனார் ஹலீமா அக்கா விளக்குமாற்றோடு வருவார், ஆண் பல்லியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று. கர்ப்பிணிகள் என்னைப் பார்க்க வரக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையாக இருக்கலாம் அல்லவா?

என் இரண்டு மகள்களும் வரலாம். அந்த அளவுக்கு இரக்கம் இருந்தது.

சத்தமாக அழவும் கூடாது. ஒப்பாரி வைப்பது ஹராம் என்று ஹலீமா அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்போதெல்லாம் வாசலில் யாராவது ஒரு பெண் வந்து உட்கார்ந்து, "இன்னும் எத்தினி நாளு?" என்று விரல் விட்டு எண்ணுவாள். கூடவே நானும் எண்ணுவேன். அழுகை உள்ளே போய்விடும்.

பின்பக்கத்து வீடு பச்சையம்மாவுடையது. மல்லாட்டை, கேப்பை என்று நாலு ஏக்கரில் தானே பாடுபடும் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவனை இழந்து வெகுகாலம் ஆனவர். அவித்த மல்லாட்டையை முறத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்றுகொண்டிருப்பார்.

"உங்குளுது நாலு மாசமாம்மே?" என்று கேட்டார் ஒரு நாள்.

"பத்து நாளும் சேத்து."

"எங்குளுது பதினாறு நாளுதான்" என்றார் பச்சையம்மா. "மூலையில குந்தவெச்சி, வளையல ஒடச்சி, கருமாதி பண்ணி எழுப்பி வுட்ருவாங்க. அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் நல்லது கெட்டதுக்கு முன்னால நிக்கக்கூடாது. உன்து தேவலாம் போ."

வேதம் எனக்கு நாலு மாதம் பத்து நாளோடு முடித்துவிட்டது. முடிந்த பிறகு நான் யாரையும் கட்டிக்கொள்ளலாம், மல்லிகை வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து அரபு நாட்டில் விதவையை ஒரு வருஷம் முழுக்கக் குடிசையில் அடைத்துப் போட்டிருந்தார்களாம். அதை உடைத்து வெளியே கொண்டுவரத்தான் இந்தக் கணக்கே வந்தது. எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கணக்கின் மேல் கோணி, கண்ணாடித் துணி, ஆண் பல்லி எல்லாம் ஏறிக்கொண்டன. பச்சையம்மாவின் மூலையும் என் அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது தற்செயல் இல்லை.

சலீம் இந்த அறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கருகமணி பித்அத், அதாவது மார்க்கத்தில் இல்லாத புதுச்சரக்கு. கொடி பித்அத், மௌலூது பித்அத். கோணி மட்டும் அவன் கண்ணில் படவில்லை.

அட்டை வந்தது

மூன்றாவது மாதம் முடிந்து நாலாவதும் கரைந்துகொண்டிருந்தபோது தபால்காரர் வாசலில் ஒரு அட்டை கொடுத்துவிட்டுப் போனார். நான் கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கெடு தவறாமல் என் கணவர்தான் சைக்கிளில் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வருவார். அந்தப் பதிவுக்கு இப்போது வழி பிறந்திருந்தது. அரசு ஆசிரியர் வேலைக்கு விழுப்புரத்துக்குச் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும். குறிப்பிட்ட நாளில் வராவிட்டால் பெயர் விட்டுப்போகும்.

வியாழக்கிழமை.

நான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். முதன்முறையாக எனக்காக எண்ணினேன்.

சலீம் வேறொரு ஏற்பாடு வைத்திருந்தான். இத்தா முடிந்ததும் நானும் பிள்ளைகளும் அவன் வீட்டோடு போய்விடுவது. சைக்கிள் கடையை அவன் பார்த்துக்கொள்வது. பெரியவள் அப்போது எட்டாம் வகுப்பு. அவளை அதோடு நிறுத்திவிடுவது, வயதுக்கு வந்த பெண் என்பதால். இதையெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, மிகுந்த இரக்கத்தோடு சொல்லியிருந்தான். எனக்கு அரசு வேலை கிடைத்தால் இந்த ஏற்பாடு எதுவும் நடக்காது. அட்டையைப் பார்த்த உடனே அவனுக்கும் அது தெரிந்துவிட்டது.

ஒரு நாள் தகராறு

இங்கேதான் பிறை மறுபடி வருகிறது.

இத்தாவைப் பிறை மாதத்தில்தான் எண்ணுவார்கள். ஊர்ப் பிறைப்படி என் இத்தா வியாழக்கிழமை பொழுது சாய்ந்த பிறகுதான் முடியும். சலீம் கூட்டத்தின் பிறைப்படி எல்லாம் ஒரு நாள் முன்னால். புதன்கிழமை மாலையே முடிந்துவிடும். அதாவது, அவன் கணக்கில் வியாழக்கிழமை நான் விடுதலையானவள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் ஒரே முறை சலீமின் பிறையை நான் மனதார வாழ்த்தினேன். ஆள் அனுப்பி அவனை வரச் சொன்னேன்.

"தம்பி, உங்க பிறைப்படி பொதங்கெழம மஃரிபோட என் இத்தா முடியுது. வியாழக்கெழம நான் விழுப்புரம் போறேன்" என்றேன் திரைக்குள்ளிருந்து.

அவன் திரைக்கு இன்னும் கொஞ்சம் அருகில் வந்தான்.

"அதெப்படி அண்ணி?" என்றான். "ஊரோட சேந்து பாக்க வாணாமா?"

"ஊர்ப் பிறை பொய்ப் பிறைன்னு மாடி மேல நின்னு கத்துனீங்களே தம்பி?"

"அது பெருநாளு. இது இத்தா. இத்தா விசயத்துல பேணுதல் வேணும் அண்ணி. ஒரு நாளு கூடக் கொறைய ஆச்சின்னா அல்லாகிட்ட யாரு பதில் சொல்றது?"

பேணுதல் என்றால் சந்தேகம் வந்தால் கடினமான பக்கத்தில் நிற்பது. கடினம் எனக்கு, பேணுதல் அவனுக்கு.

நான் விடவில்லை. பக்கத்து வீட்டில் அவனுடைய டேப் ரிக்கார்டரில் தினமும் பயான் என்ற மார்க்கச் சொற்பொழிவு ஓடும். சுவருக்கு இந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆண் குரல் கூடாது என்ற சட்டம் டேப் ரிக்கார்டருக்கும், எனக்குப் புத்தி சொல்ல வருபவர்களுக்கும் பொருந்தாதாம். அதில் ஒரு நாள் ஒரு சம்பவம் சொன்னார்கள். நபி காலத்தில் இத்தாவிலிருந்த ஒரு பெண் தன் பேரீச்ச மரத்தில் குலை வெட்டப் போனாள். ஒருவர் தடுத்தார். அவள் நேரே போய் நபியிடம் கேட்டாள். போய் வெட்டிக்கொள் என்றார் நபி. இருட்டில் அதை எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"பேரீச்சங்கொல வெட்டப் போலாம், சர்ட்டிபிகேட்டு காட்டப் போவக்கூடாதா?" என்றேன்.

"அவங்க தலாக் ஆனவங்க அண்ணி. நீங்க புருசன் மவுத்தானவங்க. அது வேற மசாயில், இது வேற மசாயில்."

நாலு வருஷம் சவூதியில் ஏசி பிட்டராக இருந்தவனுக்கு அன்று அவ்வளவு மார்க்க நுட்பம் வந்துவிட்டது.

மறுநாள் முத்தவல்லி வந்தார். சலீம் ஒன்று சொன்னால் இந்த மனிதர் அதற்கு நேர் எதிராகத்தான் பேசுவார் என்று நம்பி, நடந்ததைச் சொன்னேன்.

முத்தவல்லி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்த விசயத்துல சலீமு சொல்றது கரெக்ட்டும்மா" என்றார். "பொம்பள விசயம். இன்னாத்துக்கு வீண் பேஜாரு? வேல இன்னொரு வாட்டி வரும்."

திண்டிவனத்தில் எல்லோருக்கும் ஒரே பிறை தெரிந்தது அன்றைக்குத்தான். விரலில் ஒன்றுசேராதவர்கள், தொப்பியில் ஒன்றுசேராதவர்கள், என் கணவரின் மய்யித்துக்கு முன்னால் ஒன்றுசேராதவர்கள், என்னை உள்ளே வைப்பதில் ஒன்றுசேர்ந்தார்கள். சமுதாய ஒற்றுமை ஏற்பட நான் காரணமாக இருந்திருக்கிறேன். யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை.

ஹஜ்ரத்தின் சேதி

பள்ளி இமாமை நாங்கள் ஹஜ்ரத் என்போம். ஓதிய மனிதர், அமைதியானவர். அவர் மனைவி செவ்வாய்க்கிழமை பகலில் என்னைப் பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிவிட்டு, ஹலீமா அக்கா அடுப்படிக்குப் போனதும் என் காதருகில் குனிந்தார்.

"எங்க வூட்டுக்காரரு சொல்லச் சொன்னாரு. புருசன் மவுத்தானவ பொழப்புக்காகப் பகல்ல வெளிய போலாமாம். ராவுக்கு வூட்டுல தங்கிடணுமாம், அவ்ளோதான். அவரு ஓதுன கித்தாபுலயே கீதாம்."

"அப்ப ஜமாத்துல சொல்லலாமில்ல?"

அந்த அம்மா கையை உதறினார். "நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதன்னாரு. ரெண்டு பக்கமும் அவர வையும்."

எனக்குச் சலீம் மேல் வந்த கோபத்தைவிட, முத்தவல்லி மேல் வந்ததைவிட, இந்த ஹஜ்ரத் மேல் வந்த கோபம்தான் பெரியது. அவர்கள் இருவருக்கும் தெரியாது. இவருக்குத் தெரியும். நூறு இருநூறு வருஷமாக எத்தனை பெண்கள் இந்த மாதிரி அறைகளில் ஆண் பல்லிக்குப் பயந்து உட்கார்ந்திருப்பார்கள்! அத்தனை காலமும் எத்தனை ஹஜ்ரத்துகள் கித்தாபை மூடி வைத்துக்கொண்டு மனைவியிடம் காதோடு சொல்லி அனுப்பியிருப்பார்கள்! மார்க்கம் இப்படித்தான் வளர்ந்தது எங்கள் ஊரில். தெரியாதவன் கத்தினான், தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டான்.

ஆனாலும் அந்தச் சேதி எனக்குப் போதும். நான் போகப்போவது தவறில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஹலீமா அக்காவின் தொழுகை

வியாழக்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியாயிற்று. சான்றிதழ்களை மஞ்சள் பைக்குள் வைத்தேன். அறை வாசலில் ஹலீமா அக்கா உட்கார்ந்திருந்தார். கணவனை இழந்து இருபது வருஷமாகத் தம்பி வீட்டில் இருப்பவர். இந்த நாலு மாதமும் எனக்குக் காவல் அவர்தான். அந்தக் கதவைத் தாண்டாமல் விழுப்புரம் போக முடியாது.

என் பையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, முற்றத்தில் மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் தொழுகைப் பாயை விரித்தார். வாசற்படி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"நான் தொழப் போறேன் மைமூனு" என்றார். "தொழும்போது திரும்பிப் பாக்க மாட்டேன். ஜல்தி தொழற பழக்கமும் எனக்குக் கெடையாது."

கையைக் கட்டிக்கொண்டார். காலை ஒன்பது மணிக்குக் கடமையான தொழுகை எதுவும் கிடையாது.

பெருநாளைக்குச் சலீம் எனக்குச் சவூதியிலிருந்து ஒரு கறுப்புப் புர்கா கொண்டுவந்து கொடுத்திருந்தான். எங்கள் பெண்கள் வழக்கமாகப் போர்த்துவது வெள்ளைத் துப்பட்டி. அன்று அந்தப் புர்காவைத்தான் போட்டுக்கொண்டேன், முகத்தையும் மூடி. டீக்கடையில் நின்ற சலீமின் கூட்டாளிகள் இரண்டு பேர் யாரோ தங்கள் கட்சிக் கொள்கைச் சகோதரி என்று நினைத்துப் பயபக்தியோடு வழிவிட்டார்கள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை பெய்து ஓய்ந்த வானம். நாலு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கண் கூசித் தண்ணீர் கொட்டியது. பக்கத்திலிருந்த பெண் ஊர் போகிற துக்கமா என்று கேட்டாள். வெளிச்சம் என்றேன்.

அலுவலகத்தில் நீண்ட வரிசை. மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"ஹஸ்பெண்டு பேரு?"

சொன்னேன்.

"உயிரோட இருக்காரா?"

"இல்லைங்க."

"எப்ப இறந்தாரு?"

இங்கிலீஷ் தேதியைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். சாட்சி கேட்கவில்லை, நோன்பா பெருநாளா என்று கேட்கவில்லை. என் கணவர் ஒரு நாளில், ஒரே ஒரு நாளில் இறந்துபோனார் என்பதை முதன்முதலாக ஒப்புக்கொண்ட மனிதர் அவர்தான். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

முதலிலிருந்து

நான் திரும்பி வந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. முற்றத்தில் சலீமும் முத்தவல்லியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு முன் ஒரே பெஞ்சில் அவர்களை யாரும் பார்த்ததில்லை. நான் அவர்களைத் தாண்டி உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் நின்றேன்.

முத்தவல்லிதான் பேசினார். இருவரும் கலந்து முடிவு செய்திருந்தார்கள்.

"இத்தா முறிஞ்சிடுச்சிம்மா. நீ பண்ணது பெரிய தப்பு. இன்னிலேர்ந்து மறுபடியும் மொதல்லேர்ந்து இருக்கணும். நாலு மாசம் பத்து நாளு."

"ஆமா அண்ணி" என்றான் சலீம். "பாய் சொல்றதுதான் சரி."

முறிந்த இத்தாவை முதலிலிருந்து இருப்பது எந்தக் கித்தாபில் உள்ளது என்று நான் கேட்டிருக்கலாம். எந்தக் கித்தாபிலும் கிடையாது. கேட்டு ஒரு பயனும் இல்லை. அவர்களைப் பற்றி நாலு மாதம் இருட்டில் உட்கார்ந்து படித்திருந்தேன்.

"சரிங்க பாய்" என்றேன். "மொதல்லேர்ந்தே இருக்கேன். நாளு தப்பாம எண்ணணுமில்ல? இன்னிக்கு பிறை எத்தினி?"

"பத்து" என்றார் முத்தவல்லி.

"பதினொண்ணு" என்றான் சலீம்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாப்பா பதினொண்ணு? இப்பத்தான ஊர்ப் பிறைன்னு ஒத்துக்கின?"

"இத்தாவுக்கு மட்டுந்தான் பாய் ஒத்துக்கினேன். பிறைய எப்ப ஒத்துக்கினேன்?"

"மாடி மேல தொழுதவனாச்சே நீ! அப்பவே உன்ன ஜமாத்த வுட்டு வெலக்கியிருக்கணும்."

"மேகத்துல பிறை பாத்த ஜமாத்துதான உங்குளுது? வெலக்குங்க பாப்போம்!"

டீ டம்ளர் உருண்டது. பெஞ்சு சாய்ந்தது. தெருவிலிருந்து சலீமின் ஆட்கள் வந்தார்கள், பள்ளியிலிருந்து முத்தவல்லியின் ஆட்கள் வந்தார்கள். குழாயடிவரைக்கும் கூட்டம். என்னை எல்லோரும் மறந்துபோனார்கள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கரீம் இறந்து நாலு மாதம் பத்து நாள் ஆகியிருந்தது. தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்தாமல், அவர் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். வெளியே போட்ட சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.